அப்போதிக்கரி எழுதிக் கொடுத்த எட்டுச் சொற்கள்

"மடக்கு" என்று றம்லத் சொல்லி முடிப்பதற்குள் கணவனின் வலது சுட்டுவிரல் மடங்கிவிட்டது. அவளுடைய கை அதை இன்னும் தொடவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் நனைந்த விரல்களோடு அப்படியே நின்றது.

அவள் சன்னலைப் பார்த்தாள். வெளியே ஐப்பசி மழை விட்டு, பிங்கா ஓயா ஆற்றின் இரைச்சல் மட்டும் கொல்லைப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அறையில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயின் மணமும், கீழே களஞ்சியத்தில் ஈரம் ஏறிக்கிடக்கும் சாதிக்காயின் மணமும், நாள்பட்ட நோயாளியின் தலையணையிலிருந்து எழும் புளிப்பு வாடையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. காற்றில்லை. கொசுவலையின் ஓரம்கூட அசையவில்லை. விரல் மட்டும் மடங்கியிருந்தது, யாரையோ கூப்பிடுவதுபோல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு அது. அக்குறணையில் மாத்தளை றோட்டோரமாகக் கடையும் களஞ்சியமும் வைத்து மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரம் செய்த அவள் கணவர் ஸெய்னுலாப்தீன் நாற்பது வயதில் ஒருநாள் மூட்டைகளுக்கிடையே விழுந்தார். தூக்கி வந்து கிடத்தியபோது வலப்பக்கம் முழுவதும் நனைத்த துணியாகக் கிடந்தது. நாக்கும் போயிற்று. கண்ணும் இடக்கையும் மட்டும் மிஞ்சின.

கண்டியிலிருந்து மயில்வாகனம் வந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியாக இருந்து ஓய்வுபெற்று மஹய்யாவப் பக்கம் குடியிருந்தவர். திங்கட்கிழமை தோறும் பஸ்ஸில் வருவார். முதல்நாள் றம்லத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். மாமியார் ஆஸியா உம்மா கட்டிலின் தலைமாட்டில் நின்றார். மயில்வாகனம் தன் மூக்கிலிருந்து தொப்புள் வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, உடம்பின் அசைவெல்லாம் இந்த நடுக்கோட்டை வைத்துத்தான் பேர் பெறுகின்றன என்றார். பிறகு நோயாளியின் கையைத் தூக்கி ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். மூட்டு மடங்குவது மடக்கு. நிமிர்வது நீட்டு. நடுக்கோட்டை விட்டுக் கை விலகினால் அகற்று. திரும்பச் சேர்ந்தால் அணை. உள்ளங்கை நிலத்தைப் பார்த்தால் கவிழ், வானத்தைப் பார்த்தால் மலர்த்து. எலும்பு நின்ற இடத்திலேயே நின்று முறுகினால் திருப்பு. முழுக்கையும் தோளிலிருந்து வட்டம் போட்டால் சுழற்று. எட்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, காலையும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகும் ஒவ்வொரு மூட்டுக்கும் பத்துத்தரம் செய்யச் சொன்னார்.

"சொல்லிச் சொல்லிச் செய்யுங்கோ, பிள்ளை," என்றார் திரையைப் பார்த்து. "கை மறந்துபோச்சு. காது மறக்கேல்லை."

பதினோரு நாள் அவள் சொல்லிச் சொல்லிச் செய்தாள். அந்தக் கை செத்த மீனின் கனமாக அவள் மடியில் கிடக்கும். அதைத் தூக்கும்போதெல்லாம் அவளுக்கு இடது காது லேசாக இரையும். மூன்று வருடத்துக்கு முன் முற்றத்தில் காயப்போட்ட கராம்பை மழைக்குமுன் அள்ளத் தவறிய அன்று, இதே கை அந்தக் காதில் இறங்கியது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் கேட்பதில்லை. யாராவது கூப்பிட்டால் எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் நாலு பக்கமும் திரும்பிப் பார்ப்பாள். அதற்கும் அவர் சிரித்திருக்கிறார்.

விரல் மடங்கியதை மாமியிடம் சொன்னபோது ஆஸியா உம்மா அழுதுவிட்டார். பள்ளிவாசலுக்கு நேர்ச்சை வைத்தார். பானையில் காய்ச்சிய கஞ்சியைத் தன் கையாலேயே மகனுக்கு ஊட்டினார். வீட்டில் முதன்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த நாள் மணிக்கட்டு அசைந்தது. அதற்கடுத்த நாள் முழங்கை. றம்லத் சொல்வாள், கை செய்யும். "நீட்டு" என்றால் நீளும். "மலர்த்து" என்றால் உள்ளங்கை மெல்லப் புரண்டு, தர்மம் கேட்பதுபோல் மேலே பார்க்கும்.

ஸெய்னுலாப்தீனின் கண்களைத்தான் அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை. சுகமாகி வருகிற மனிதனின் கண் அல்ல அது. வலக்கை அசையும்போதெல்லாம் அது அவருடைய கை இல்லை என்பதுபோல, கட்டிலில் ஏறிவிட்ட ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பார்த்தார். பதினான்காம் நாள் அவள் "நீட்டு" என்றபோது அவருடைய இடக்கை பாய்ந்து வந்து வலது மணிக்கட்டைப் பிடித்து அமுக்கியது. நகம் பதிந்து இரத்தம் கசிந்தது. வலக்கை அதையும் இழுத்துக்கொண்டே நீண்டது.

அன்று அஸர் நேரம் மாமி தொழுகைப் பாயில் இருந்தார். றம்லத் பத்துவரை எண்ணினாள். நிறுத்தியிருக்க வேண்டும். அவர் கண்களில் நீர் நிறைவதைப் பார்த்தாள். மூன்று வருடமாக நெஞ்சுக்குள் உறைந்து கிடந்த ஏதோ ஒன்று அசைந்துகொடுத்தது. "மடக்கு," என்றாள் மறுபடியும். "நீட்டு." மெதுவாக, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல. இருபது. முப்பது. மூட்டுக்குள் உப்பை நெரிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. அவர் வாயிலிருந்து நாக்கில்லாத ஒரு ஊளை மெல்லிசாக வந்தது. நாற்பத்தேழில் மாமி தொழுகையை முடித்து ஸலாம் கொடுப்பது காதில் விழுந்து நிறுத்தினாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. ஆனால் நாக்கு இனித்தது. கற்கண்டைக் கடித்ததுபோல நாக்கின் அடிவரை இனித்தது. அந்த இனிப்பு அன்று முழுவதும் போகவில்லை.

திங்கட்கிழமை மயில்வாகனம் வந்தார். மாமி மகிழ்ச்சியோடு நடந்ததெல்லாம் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே கட்டிலருகே குந்தி "மடக்குங்கோ" என்றார். கை அசையவில்லை. மாமி சொன்னார். அசையவில்லை. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து றம்லத் சொன்னாள்.

முழங்கை மடங்கியது.

மயில்வாகனத்தின் சிரிப்பு போயிற்று. பையிலிருந்து ஊசியை எடுத்துப் புறங்கையில் குத்தினார், தோளில் குத்தினார். சிறு சுத்தியலால் முழங்கையின் கீழ் தட்டினார். தசையை விரலால் கிள்ளி நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். அவளை மறுபடி சொல்லச் சொன்னார். அவள் சொல்லும்போது அவர் தசையின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு சுடுபட்டவர்போல் கையை எடுத்துவிட்டார்.

வெளியே விறாந்தைக்கு வந்துதான் பேசினார். மாமிக்குக் கேட்காதபடி, திரையோரம் நின்று.

"ஊசி குத்தினன், தெரியேல்லை. தட்டினன், துள்ளேல்லை. கை மடங்கேக்க உள்ள தசை இறுகவேணும், பிள்ளை. இது இறுகேல்லை. பஞ்சு மாதிரிக் கிடக்கு. அந்தக் கை தானா மடங்கேல்லை. ஆரோ பிடிச்சு மடக்கிற மாதிரிக் கிடக்கு. இனிச் சொல்லாதேங்கோ."

எட்டுச் சொல் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஊற்றிவைத்த தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. குடையை விரிக்காமலே மழையில் இறங்கி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்.

அவள் நிறுத்திவிட்டாள். உடம்புப் பயிற்சி வேண்டாம் என்று அப்போதிக்கரி சொல்லிவிட்டார் என்று மாமியிடம் சொன்னாள். மாமிக்குப் பிடிக்கவில்லை. மகன் எழும்பிவிடுவான் என்ற நம்பிக்கையை மருமகள் வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஓதிய தண்ணீர் வாங்கக் கிளம்பினார்.

சொல்லாமலிருப்பது லேசு என்று றம்லத் நினைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அது எவ்வளவு பிழை என்று தெரிந்தது. குசினி புகைமண்டிக் கிடந்தது. தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து காலையில் வந்து உச்சிக்குப் போகிற ராக்கம்மா அடுப்படியில் இருந்தாள். றொட்டியின் ஓரம் கருகும் வாடை வந்தது. "றொட்டியத் திருப்பு, கருகுது," என்றாள் றம்லத், எதையும் நினைக்காமல்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. பிறகு அந்த ஊளை.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். போர்வைக்கு வெளியே ஸெய்னுலாப்தீனின் வலது பாதம் தெரிந்தது. குதிகால் மேலே இருந்தது. விரல்கள் மெத்தைக்குள் புதைந்திருந்தன. முழங்கால் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே கால் மட்டும், பிழிந்த துணியைப்போல, பின்பக்கம் பார்த்துக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. றொட்டி திரும்பினால் நின்றுவிடும். இதற்கு எவ்வளவு என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா," என்றாள் ராக்கம்மா. "நான் நாளையிலருந்து வரல."

இரண்டு பெண்களும் சேர்ந்து பிடித்துக் காலை நேராக்கினார்கள். சதைக்குள் எலும்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. ராக்கம்மா கையை அடுப்புச் சாம்பலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, கூலிகூடக் கேட்காமல் போய்விட்டாள்.

அதன்பிறகு றம்லத் பேச்சையே விட்டாள். ஒரு வீடு எத்தனை சொல்லில் ஓடுகிறது என்று அப்போதுதான் விளங்கியது. சட்டியைக் கவிழ், குடையை மடக்கு, கையை நீட்டு, முகத்தைத் திருப்பு. எல்லாம் அந்த எட்டுக்குள் ஏதாவது ஒன்று. ஆகவே தலையாட்டினாள். கையால் காட்டினாள். தொழுகையில் ஓதுவதைக்கூட உதடு பிரியாமல் ஓதினாள். மாமி கேட்டதற்கெல்லாம் சும்மா நின்றாள்.

"என்ன புள்ள இது? வாய்க்குள்ள என்ன ஈக்குது?" என்று மாமி ஒருநாள் அவள் நாடியைப் பிடித்துத் தூக்கிக் கேட்டார். றம்லத் பல்லை இறுக்கிக்கொண்டாள்.

வாய்க்குள் இருந்தது. அதுதான் பயம். புதன்கிழமை நாக்கு ஊறத் தொடங்கியது. வியாழன் காலையில் விழித்தபோது தாடை வலித்தது, இரவெல்லாம் எதையோ மென்றவள்போல. பல்லுக்குப் பின்னால் நாக்கு தானாகப் புரள்வதை உணர்ந்தாள். நுனி மேலண்ணத்தைத் தொடும். விலகும். உதடுகள் ஒட்டும். ம. ட. அவள் கீழ் உதட்டைக் கடித்து நிறுத்துவாள். மறுபடி அந்த இனிப்பு ஊறிக்கொண்டு வரும், எச்சிலோடு எச்சிலாக, விழுங்க விழுங்கத் தீராமல்.

வெள்ளிக்கிழமை பகல் மாமி குடையை எடுத்துக்கொண்டு மூன்றாம் வீட்டுச் சாவுக்கு, மையித்துப் பார்க்கப் போனார். கடை பூட்டிக் கிடந்தது. லுஹர்த் தொழுகை நேரமே வானம் கறுத்து, மழை தகரத்தில் கல்லைக் கொட்டுவதுபோல இறங்கியது. ஓயா பெருகி, கொல்லை வாழைகளின் அடியில் சிவந்த தண்ணீர் சுழன்றது. றம்லத் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவலையின் கறகறப்பும் மழையின் இரைச்சலும் அவள் நல்ல காதை நிறைத்திருந்தன. ஆகவே அந்தக் குரல் எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மடக்கு."

கையிலிருந்த தேங்காய்ப்பாதி உருண்டு போயிற்று.

"நீட்டு."

பெண் குரல். நிதானமான, பொறுமையான குரல். பிள்ளைக்குப் பாடம் சொல்கிற குரல். அவளுடைய குரல்.

அவள் எழுந்தாள். வழக்கம்போலத் திசை தெரியவில்லை. நாலு பக்கமும் திரும்பினாள். உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது, நின்றது, கிரீச்சிட்டது. அங்கேதான். யாரோ அங்கே அவர் பக்கத்தில் இருந்து அவளைப்போலப் பேசுகிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் போனாள். சாதிக்காய் மணம் தொண்டையை அடைத்தது. பத்தடி. எட்டடி. ஒன்று அவளுக்கு உறைத்தது. அறை கிட்ட வந்தது. குரல் கிட்ட வரவில்லை. குசினியில் எவ்வளவு தூரத்தில் கேட்டதோ அவ்வளவு தூரத்திலேயே கேட்டது.

திரையை விலக்கினாள்.

அறையில் யாருமில்லை. ஸெய்னுலாப்தீன் மட்டும் கிடந்தார். வலக்கை மடங்கியது. நீண்டது. மடங்கியது. இடக்கை கொசுவலையைப் பற்றிக் கிழித்து வைத்திருந்தது. அவர் வாய் மூடியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை அவளைப் பார்த்தன. அவள் கண்ணை அல்ல. அதற்குக் கீழே.

அவள் கையை உயர்த்தித் தன் உதட்டைத் தொட்டாள்.

உதடு அசைந்துகொண்டிருந்தது.

"கவிழ்," என்றது.

இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்தினாள். இறுக்கிப் பொத்தினாள். விரல்களுக்கடியில் உதடுகள் சூடாக, ஈரமாக, பிடிபட்ட குருவிபோல அடித்துக்கொண்டன. மூச்சு முட்டியது. நாக்கைக் கடித்தாள். இரத்தம் வந்தது. அதுவும் இனித்தது.

"அகற்று."

கட்டிலில் அவர் வலக்கை உடம்பை விட்டு விலகி நீண்டது. அதே கணத்தில் அவள் வாயைப் பொத்தியிருந்த கைகளும் விலகின. அவள் விலக்கவில்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் போயின, தோள் உயரத்துக்கு, அதற்கு மேலே, மூட்டு இனி ஏலாது என்று நின்ற இடத்துக்கு. நிற்கவில்லை. தோளுக்குள் எதுவோ அறுந்தது. யாரும் பிடித்திருக்கவில்லை. ஆனால் மணிக்கட்டுகளில் பிடி இருந்தது. குளிர்ந்த, உறுதியான, பழகிய பிடி. நோயாளியின் கையை அவள் பிடிப்பாளே, அப்படி.

"அணை."

கைகள் வந்து மார்பில் சேர்ந்தன. கட்டிலில் அவர் கையும் சேர்ந்தது. இருவரும் தத்தம் மார்பைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏழு வருடத் தாம்பத்தியத்தில் அவர் அவளை இப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. அவளும் கெஞ்சினாள். கண்ணால். வேறெதுவும் அவளிடம் இல்லை.

முன்வாசலில் குடையின் நீர் சொட்டும் சத்தம். மிதியடி. மாமி.

வராதீங்க, என்று கத்தப் பார்த்தாள். வாய் அதைச் சொல்லவில்லை.

"திருப்பு."

கழுத்தில் பிடி விழுந்தது. தாடையின் கீழ் ஒன்று. பிடரியில் ஒன்று. அவசரமில்லாத பிடி. கட்டில் பார்வையிலிருந்து நழுவியது. சுவர் வந்தது. அலுமாரி வந்தது. அவள் தோள் வந்தது. நிறுத்து என்பது அந்த எட்டில் இல்லை. எலும்புகள் ஒவ்வொன்றாக வழி விட்டன. கராம்பைப் பல்லில் நொறுக்குவது போன்ற சிறு சிறு சத்தம். வலி ஒரு வெள்ளை வெளிச்சமாக எழுந்து அணைந்தது. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முதுகில் நனைந்து ஒட்டியிருந்த சேலையைப் பார்த்தாள். அதற்கப்பால் விலகிக் கிடந்த திரை. அதற்கப்பால் நடைவழி.

நடைவழியில் ஆஸியா உம்மா. நனைந்த குடை விரித்தபடி கையில் இருந்தது. அவர் கூக்குரலிடவில்லை. மருமகளின் முதுகையும், முதுகுக்கு மேலே தன்னையே பார்க்கிற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

றம்லத்தின் வாய் மாமியைப் பார்த்து மெல்லத் திறந்தது.

"மடக்கு."

குடை பிடித்திருந்த முழங்கை மடங்கத் தொடங்கியது.